சி சென்டரில் ஜெயித்தவன்

வட கரோலினாவில் இருக்கும் மகன் டிஸ்க் கோல்ஃபில் 'சி டயர்' போட்டி ஒன்றில் ஜெயித்தானாம். "சந்தோஷப்படுவதா, கடைசி பெஞ்சில் முதல் மார்க்கா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

தாராளமாகச் சந்தோஷப்படுங்கள். தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்கும் ஆட்டம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. குழப்புவது எழுத்துதான். 1976-இல் எட் ஹெட்ரிக் தொடங்கிய பிடிஜிஏ என்ற டிஸ்க் கோல்ஃப் சங்கம் போட்டிகளைத் தரம் பிரிக்கிறது. அடியில் சி, மேலே பி, ஏ. அதற்கும் மேல் எலீட் சீரிஸ். உச்சியில் உலகப் போட்டி போன்ற மேஜர்கள். ஜோடி ஆட்டம் மாதிரி வழக்கம் மாறிய போட்டிகளுக்கு 'எக்ஸ்' என்று தனி எழுத்து.

எங்கள் ஊர்க் கொட்டகை சினிமாக்காரர்கள் கணக்கில் சி சென்டர். படத்துக்கா அந்த எழுத்து? வசூலுக்கு. இங்கேயும் அப்படித்தான். நுழைவுக் கட்டணத்துக்கு மேல் பரிசுப் பணத்தில் எவ்வளவு சேர்க்கிறார்கள், எத்தனை நாள் நடத்துகிறார்கள் என்று போட்டி நடத்துகிறவருக்குப் போடும் எழுத்து அது. எறிகிறவனுக்கு அல்ல.

எறிகிறவனுக்கு ரேட்டிங் இருக்கிறது. எனக்குப் பிடித்த விசித்திரமே அதுதான். ஆயிரம் என்றால் தேர்ந்த கை. ஆனால் அதை மைதானத்துக்கு இத்தனை எறிதல் என்று முன்கூட்டியே குறித்த 'பார்' கணக்கை வைத்துப் போடுவதில்லை. அன்று அதே மைதானத்தில் ஆடிய, ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்கள் என்ன எடுத்தார்கள் என்று பார்த்துப் போடுகிறார்கள். காற்று சுழற்றியடித்த நாளில் 60 எறிதல், காற்றில்லாத நாளின் 56-க்குச் சமமாகிவிடலாம். எங்கள் கணக்கு வாத்தியார் இப்படித் திருத்தியிருந்தால் நானும் பிழைத்திருப்பேன்! சி டயர் சுற்றுக்கும் மேஜர் சுற்றுக்கும் அளவுகோல் ஒன்றே.

ஆனாலும் கேமராக்கள் உச்சிக்கே போகின்றன. சி டயரில் விடிகாலையில் எல்லைக் கயிறு கட்டுகிறவர், மதியம் தானும் எறிந்துவிட்டு, சாயங்காலம் ஸ்கோரும் கூட்டுகிறவர் பெரும்பாலும் உள்ளூர் கிளப்பின் தொண்டர். உச்சியில் ஆடுகிற முக்கால்வாசிப் பேரும் அவர் கட்டிய கயிற்றைத் தாண்டி வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவரை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

பையன் அமெச்சூர் பிரிவில் ஆடியிருந்தால் பணம் வந்திருக்காது. பரிசு பெரும்பாலும் தட்டும் பையுமாகத்தான் வரும். அடுத்த முறை போனில் பேசும்போது எழுத்தைக் கேட்காதீர்கள். சுற்றுக்கு எத்தனை ரேட்டிங் வந்தது என்று கேளுங்கள்.