பாலைவனத்தில் முன்னே சென்றவன்

பாலை என்பதைப் பண்டைத் தமிழர் தனியொரு நிலமாகக் கொள்ளவில்லை. மலையும் காடும் மழையின்றி வறண்டு போனால் அதுவே பாலை என்றனர். அந்நிலத்துக்கு உரிய ஒழுக்கமாகப் பிரிவை வகுத்தனர். அதிலும் பொருள் தேடிப் பிரிவதைச் சிறப்பாக எடுத்துப் பேசினர். பிழைப்பு நாடிப் பிம்ப்ரிக்கு வந்து குடியேறிய நமக்கு இந்த இலக்கணத்தை வேறொருவர் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் மெய்யான பாலைவனத்தை மனிதர் எவ்வாறு கடந்தனர் என்பதை அறிந்தால், நம் வாழ்வுக்கும் அதிலிருந்து ஒரு செய்தி கிடைக்கும். ஆகவே இம்மாதம் நேயர்களைச் சஹாராவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

ஆப்பிரிக்காவின் வடபகுதியை அடைத்துக் கிடக்கும் சஹாராவின் பரப்பு ஏறத்தாழ 90 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது நம் பாரத நாட்டைப் போல இரண்டே முக்கால் மடங்கு. எங்கு நோக்கினும் மணலே என்று நாம் எண்ணுகிறோம், அது சரியன்று. மணல் பரப்பு ஏறக்குறைய கால் பங்குதான். எஞ்சியவை கல்லும் சரளையும் பாறையும் நிறைந்த வெற்று நிலங்கள். இவற்றைக் கடக்க நெடுங்காலம் மனிதனுக்குத் துணை நின்றது ஒட்டகம். அதன் திமிலில் இருப்பது தண்ணீர் அன்று; கொழுப்பு. உடல் எடையில் கால் பங்கு அளவு நீரை இழந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். தண்ணீரைக் கண்டபோது கால் மணி நேரத்துக்குள் நூறு லிட்டரைக் குடித்துவிடும். ஆனால், மனிதனுக்கு அந்த ஆற்றல் இல்லை. எனவே, பாலைவனப் பயணத்தில் ஒட்டகத்தை விட அரிய துணை வேறொன்று வேண்டியிருந்தது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

அதை நமக்கு எழுதி வைத்தவர் தமிழகத்துக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். மொராக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரில் 1304-ஆம் ஆண்டில் பிறந்த இப்னு பதூதா டில்லியில் நீதிபதியாகப் பணியாற்றியவர். மாலத்தீவிலும் இலங்கையிலும் தங்கியவர். 1344-ஆம் ஆண்டை ஒட்டி நம் சோழமண்டலக் கரையில் வந்து இறங்கியவர். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் அவருக்குச் சகலை முறை. மதுரையில் அவரைக் கடுங்காய்ச்சல் பற்றியது. அங்கே மலிவாகக் கிடைத்த புளியை ஒரு ராத்தல் அளவு நீரில் கரைத்துக் குடித்தாராம். மூன்று நாள் வயிறு கழிந்து காய்ச்சல் நீங்கியதாம். நம் அடுக்களைப் புளியால் பிழைத்தெழுந்த அந்த யாத்திரிகர்தாம் சில ஆண்டுகளுக்குப் பின் சஹாராவைக் கடந்தார்.

1352-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மொராக்கோவின் தென்கோடியிலுள்ள சிஜில்மாசா நகரிலிருந்து வணிகர் கூட்டத்தோடு அவர் ஒட்டகமேறிப் புறப்பட்டார். இருபத்தைந்து நாட்களில் தகாசா என்னும் ஊரை அடைந்தார். அங்கே மரம் என்று ஒன்றும் இல்லை. வீடுகளின் சுவர்கள் உப்புப் பாளங்கள். கூரை ஒட்டகத் தோல். உப்பை வெட்டி எடுத்தவர்கள் அடிமைகள். தண்ணீர் உவர்ப்பு, உணவாகப் பேரீச்சம்பழமும் தானியமும் வெளியிலிருந்து வர வேண்டும். ஆனால், அந்த உப்பைத் தெற்கே கொண்டு சென்றால் அதைத் துண்டாக்கி நாணயம் போலக் கொடுத்து வாங்கினர். ஓர் ஒட்டகம் இரண்டு பாளங்களைச் சுமந்து சென்றது.

தகாசாவுக்கு அப்பால் பத்து நாள் வழியில் நீர் கிடைப்பது அரிது. அந்த வழியில் வணிகர் ஒருவர் தம் உறவினரோடு சச்சரவிட்டுப் பின்தங்கினார், வழி தவறினார். கூலி கொடுத்து ஆளனுப்பித் தேடும்படி இப்னு பதூதா கூறியும் உறவினர் இசையவில்லை. மறுநாள் பாலைவனத்து மனிதன் ஒருவன் கூலியின்றித் தானே தேடிப் போனான். அடிச்சுவடு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. பாலைவனத்தில் மனத்தாங்கலுக்குக் கூட விலை உயிர்தான்.

அடுத்து வருவதே மிக முக்கியமான கட்டம். தஸரஹ்லா என்னும் நீர்நிலையில் மூன்று நாள் தங்கித் தோல்பைகளைச் செப்பனிட்டு, அங்கிருந்து ஓர் ஆளை முன்னே அனுப்புவார்கள். அவனுக்குத் தக்ஷீப் என்று பெயர். கூட்டத்தார் தமக்கு வேண்டியவர்களுக்கு எழுதும் கடிதங்களை எடுத்துக்கொண்டு அவன் தனியே வலாத்தா நகருக்குச் செல்வான். அக்கடிதங்களைக் கண்ட நகரத்தார் வருவோருக்கு வீடு அமர்த்துவார்கள்; நான்கு இரவுப் பயணத் தொலைவு தண்ணீரோடு எதிர்கொண்டு வருவார்கள். அந்நகரில் தெரிந்தவர் எவரும் இல்லாதவன் என்ன செய்வான்? அறச்சிந்தை உடையவர் என்று பெயர் பெற்ற ஒரு வணிகருக்குக் கடிதம் எழுதுவான். அவரும் அவ்வாறே செய்வார். தக்ஷீப் வழியில் மாண்டுபோனால் நகரத்தாருக்குச் செய்தி எட்டாது. கூட்டத்தில் எல்லாருமோ பெரும்பாலோருமோ மடிவர். ஆகையால் அவனுக்குக் கூலி நூறு பொற்காசு.

மாலையில் புறப்பட்டு, இரவு முழுதும் நடந்து, பகலில் தங்கி அவர்கள் சென்றனர். வழிகாட்டிக்கு ஒரு கண் குருடு, மற்றதில் நோய். ஆயினும் வழியை அவனைப் போல் அறிந்தவர் வேறில்லை. ஏழாம் நாள் இரவில் தொலைவில் தீ தெரிந்தது. எதிர்கொண்டு வந்தவர்கள் மூட்டிய தீ அது. சிஜில்மாசாவை விட்ட இரண்டு மாதத்தில் வலாத்தாவை அடைந்தனர். இன்று அவ்வூர் மௌரித்தானியா நாட்டில் உள்ளது.

பின்னர் மோட்டார் வண்டி வந்தது. 1922-ஆம் ஆண்டு டிசம்பர் 17-இல் அல்ஜீரியாவின் துக்கூர்த்திலிருந்து புறப்பட்ட ஐந்து சித்ரோயன் வண்டிகள் 1923 ஜனவரி 7-இல் திம்பக்துவை அடைந்தன. மாதக் கணக்கான வழி மூன்று வாரமாகக் குறுகியது. அல்ஜியர்ஸிலிருந்து லாகோஸ் வரை ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர் நெடுஞ்சாலை திட்டமிடப்பட்டு, அதன் பெரும்பகுதி இன்று தார்ச்சாலை ஆகிவிட்டது. ஒட்டகம் சுமந்த உப்பை லாரி சுமக்கிறது.

பாலைவனத்தை வென்றுவிட்டோம் என்று இதனால் கூறிவிடலாமா? 2013-ஆம் ஆண்டில் நைஜர் நாட்டின் ஆர்லித் நகரிலிருந்து ஏழை மக்கள் லாரிகளில் அல்ஜீரியாவை நோக்கிச் சென்றனர். வண்டி பழுதாகி நின்றது. நீர் தீர்ந்தது. அக்டோபர் இறுதியில் 92 சடலங்கள் கண்டெடுக்கப்பட்டன; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்களும் நம்மைப் போலப் பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர்களே. அவர்களுக்கு வண்டி இருந்தது. முன்னே செய்தி சொல்ல ஒரு தக்ஷீப் இல்லை. தண்ணீரோடு எதிர்வர ஒரு வலாத்தா இல்லை. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒட்டகக் கூட்டத்துக்குக் கிடைத்த காவல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இனி நம் பிம்ப்ரிக்குத் திரும்புவோம். இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை 1955-இல் இங்கே பெனிசிலின் உற்பத்தியைத் தொடங்கியது. அந்நாள் தொட்டு ஆலைகளை நாடி வந்த தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ குடும்பத்துக்கு முன்னே வந்தவர் ஒருவர் உண்டு. ஒரு சிற்றப்பாவோ, தாய்மாமனோ, ஊர்க்காரரோ முதலில் வந்தார், வேலையில் அமர்ந்தார், அறை பார்த்தார், ஊருக்குக் கடிதம் எழுதினார். ரயில் வந்து நின்றபோது அவர் நிலையத்தில் நின்றார். மராத்தி தெரியாமல் விழித்த நம் தாய்மாருக்கு அந்த முகமே தொலைவில் தெரிந்த தீ. அவருக்கு நூறு பொற்காசு கொடுத்தவர் யார்? நன்றி சொல்லியவர்தாம் எத்தனை பேர்?

1947-ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் சிந்துவிலிருந்து உடைமை இழந்து வந்தவர்களும் இதே பிம்ப்ரி முகாமில் குடியேறினர். அவர்களுக்காக முன்னே வந்து வீடு பார்த்து வைக்க ஆளுக்கு நேரம் ஏது? அதை எண்ணும்போது நாம் பெற்ற பேற்றின் அருமை விளங்கும்.

இன்றும் போசரிக்கும் சாக்கணுக்கும் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து இளைஞர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். கையில் கைப்பேசி இருக்கிறது. வழியை அது சொல்லும். ஆனால் காய்ச்சலில் கிடப்பவனுக்கு ஒரு குவளை கஞ்சியை அது கொண்டு தராது. உறவினர் உள்ளவனை உறவினர் பார்த்துக்கொள்வர். எவரும் இல்லாதவன் யாருக்கு எழுதுவான்? வலாத்தாவில் அறவோர் என்று பெயர் பெற்ற வணிகர் இருந்தார். பிம்ப்ரியில் அந்த இடத்தில் இருக்க வேண்டியது நம் சங்கமே. அடுத்த தெருவில் புதிதாக ஒரு தமிழ்க் குரல் கேட்டால், அன்பர்களே, அவர் வந்து கதவைத் தட்டும் வரை காத்திராமல், நாமே தண்ணீரோடு எதிர் செல்வோம்.