பழைய கணினிக்கு இரண்டாவது ஹார்ட் டிஸ்க்

பதுளையில் மாமாவின் கொமினிகேஷன் கடை மூடிப் பல வருடங்கள். அங்கிருந்த டெஸ்க்டொப் கணினி மட்டும் வீட்டு மூலையில் இருக்கிறது. போன மாதம் அதை இயக்கினேன். உள்ளே இடைக்கிடை 'டிக்' என்று ஒரு சத்தம்.

"தம்பி, அக்கா வீட்டுப் படமெல்லாம் அதுலதான் இருக்கு" என்றார் மாமா.

1977 வன்செயலுக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்கள் பல. பெரியம்மா குடும்பம் கிளிநொச்சியில் குடியேறியது. 2005இல், ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், அவர் கொண்டுவந்த அல்பத்தையும் பிறப்புச் சான்றிதழ்களையும் மாமா ஸ்கேன் செய்து வைத்தார். மூலப் பிரதிகள் 2009இல் முள்ளிவாய்க்கால் வழியில் போயின. காணாமல் போன சின்ன அண்ணனின் படம் இந்த 80 ஜிபி டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது.

உடனே கணினியை அணைத்தேன். சத்தம் விடாமல் வந்தாலோ, கணினி டிஸ்க்கையே காட்டாவிட்டாலோ நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். எங்களுடையது அந்த நிலைக்குப் போகவில்லை. பாவித்த 500 ஜிபி சாட்டா டிஸ்க் ஒன்றை வாங்கினேன்.

மின்சார வயரைக் கழற்றிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் இரும்பைத் தொடுங்கள், உடம்பிலுள்ள நிலைமின் போய்விடும். பழைய டிஸ்க்குக்குப் போவது அகலமான பட்டை வயர், அது ஐடிஈ. அதைத் தொடவில்லை. 2005ஐ ஒட்டிய பல மதர்போர்ட்களில் பக்கத்திலேயே சிறிய சாட்டா துளைகளும் இருக்கும். புதியதை அதில் கொடுத்தேன். பழைய பவர் சப்ளையில் சாட்டா முனை இல்லாததால், நான்கு முள் முனையை மாற்றித்தரும் சிறு வயர் தேவைப்பட்டது. விலை அதிகமில்லை.

பயோஸில் புதிய டிஸ்க் தெரியவில்லை. அரை மணி நேரம் வயரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் விஷயம் பிடிபட்டது: சில பழைய மதர்போர்ட்களுக்கு இந்த டிஸ்க்கின் வேகம் ஒத்துவராது. டிஸ்க்கின் பின்னாலுள்ள முட்களில், லேபலில் காட்டியபடி ஒரு ஜம்பரைப் போட்டால் வேகம் 1.5 கிகாபிட்டுக்கு இறங்கும். போட்டேன், வந்தது. எதிலிருந்து இயங்குவது என்ற வரிசையில் பழைய டிஸ்க்கே முதலில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஆபத்தான இடம் விண்டோஸின் டிஸ்க் மெனேஜ்மென்ட். ஃபோர்மட் செய்யும் முன் இலக்கத்தை நம்பாமல் அளவைப் பாருங்கள். 80 ஜிபி அங்கே 74.5 என்றும், 500 ஜிபி 465 என்றும் தெரியும். மாறிச் செய்தால் படங்கள் போய்விடும். எக்ஸ்பியில் 'டைனமிக் டிஸ்க்' ஆக மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள். வெறும் பகுதியில் புதிய பார்ட்டிஷன் உருவாக்கி, என்டிஎஃப்எஸ் முறையில் ஃபோர்மட் செய்தால் போதும்.

முதலில் பெரியம்மாவின் ஃபோல்டரைத்தான் கொப்பி செய்தேன். பாட்டும் படமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருப்பது பாதி வேலைதான். ஐப்பசி இடி ஒன்று இரண்டையும் சேர்த்தே எரிக்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. அதனால் பென் டிரைவ் ஒன்றிலும் போட்டுக் கிளிநொச்சிக்கு அனுப்பினேன்.

மூன்று படங்கள் திறக்கவில்லை. சின்ன அண்ணனின் படம் திறந்தது. "பெரிசா பிரின்ட் போட்டு அனுப்புய்யா" என்றார் பெரியம்மா.