உங்களுக்குத் தெரியுமா? கொம்பனும் அனிமேஷனில் வந்திருக்கிறான்!

கொங்கு நாட்டு உடுக்கடிப் பாட்டில் ஊரையே நடுங்கவைக்கும் ராட்சதக் காட்டுப்பன்றி கொம்பன், அனிமேஷன் தொடரிலும் வந்திருக்கிறான். அவன் வரும், பொன்னர்-சங்கர் என்று நாம் கொண்டாடும் அண்ணன்மார் கதையைக் கனடா நாட்டு மானுடவியலாளர் பிரெண்டா பெக், 1965-இல் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் இரவு இரவாகப் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிந்தார். பல ஆண்டுகள் கழித்து அதையே 26 பாக அனிமேஷன் தொடராக்கினார். தமிழிலும் ஆங்கிலத்திலும் அது உண்டு.

உழவர் பக்கம் நின்று கேட்டால், வயலை அழிக்கும் கொம்பன் அரக்கன்தான். காட்டை நம்பி வாழ்ந்த வேட்டுவருக்கோ அவன் செல்லப்பிள்ளை, காவலன். காடு திருத்திக் கழனி ஆக்கியபோது இடம் இழந்தவர்களின் கோபமே அவன் சீற்றமாக வந்தது என்று எனக்குப் படுகிறது. அவனைச் சாய்க்க அண்ணன்மாருக்கு உதவியதும் பெரிய வேட்டைநாய்கள் அல்ல. வேண்டாமென்று வீட்டில் விட்டுப்போன பொன்னாச்சி என்ற குட்டி நாய்!

இந்தக் கதையைப் பாடத் தெரிந்த பெரியவர் உங்கள் ஊரில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் முழுசாகப் பதிந்து வையுங்கள்.