இளமை மாத்திரையில் கிடைக்குமா?

திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் வரிசையில் இருபத்தைந்து வயதுப் பேரனும் எழுபத்தைந்து வயதுத் தாத்தாவும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். நரையும் சுருக்கமும் கண்ணுக்குத் தெரிகின்றன. தெரியாத வேறுபாடு ஒன்றும் உண்டு. அதை அவர்களுடைய அட்ரினல் சுரப்பிகளில் காணலாம்.

சிறுநீரகத்துக்கு ஒன்றாக, அதன்மேல் தொப்பிபோல் அமைந்த இச்சுரப்பியின் எடை சுமார் 5 கிராம்தான். இதன் புறணி கார்டிசால், டி.எச்.இ.ஏ. ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கிறது. வெறும் வயிற்றோடு காத்திருந்தாலும் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துவிடாமல் காக்க உதவுவது கார்டிசால். முதுமையிலும் அது குறைவதில்லை. டி.எச்.இ.ஏ.வோ இருபது, முப்பது வயதில் உச்சத்தை அடைந்து, எழுபதுக்கு மேல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அதைச் சுரக்கும் புறணியின் உள்ளடுக்கு வயதோடு மெலிவதே காரணம்.

குறைந்ததை மாத்திரையால் ஈடுசெய்தால் இளமை திரும்புமா? அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலைய ஆய்வாளர்கள் முதியோருக்கு இரண்டாண்டுகள் டி.எச்.இ.ஏ. கொடுத்துப் பார்த்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். இரத்தத்தில் ஹார்மோன் உயர்ந்தது. ஆனால் உடல் வலுவிலும் வாழ்க்கைத் தரத்திலும் முன்னேற்றமில்லை.

நரைக்குச் சாயம் பூசினால் வயது குறைவதில்லை அல்லவா? இதுவும் அப்படித்தான். ஆகவே வாசகர்களே, இளமை தருவதாக யாராவது ஹார்மோன் மாத்திரை விற்றால், வாங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். தாத்தாவின் தசைகளுக்கு வலுவூட்ட அன்றாட நடையும் நல்ல உணவும் உதவும்.