துப்பாக்கி வெடிக்காத பந்தயம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாலையின் இருபுறமும் நிற்கும் தொழிற்சாலைகளில் நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ வேலை செய்யக்கூடும். அங்கே பெரும்பாலான இயந்திரங்களின் தலைமேல் ஒரு சிறு கம்பம் இருக்கும். அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்டிருக்கும். பச்சை எரிந்தால் இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறது. மஞ்சள் எரிந்தால் கவனிக்க வேண்டும். சிவப்பு எரிந்தால் நின்றுவிட்டது.

விளக்கு எதற்கு, மணி அடித்தால் போதாதா? போதாது. இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் ஷாப்பில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. நல்ல செவி உடையவர்களும் அங்கே கண்ணால்தான் சேதி அறிகிறார்கள்.

இதே மூன்று நிற விளக்குகளை நம்பி ஒரு பெரிய விளையாட்டு விழா நடந்து வருகிறது. அதுதான் காது கேளாதோர் ஒலிம்பிக் எனப்படும் டெஃப்லிம்பிக்ஸ். அதில் பனிக்காலப் போட்டிகளும் உண்டு. அந்தப் பனிச்சரிவுக்கு ஒருமுறை மனத்தால் சென்று வருவோம்.

வெடிக்குப் பதில் விளக்கு

1924 ஆகஸ்டில் பாரிஸ் நகரில் இவ்விழா பிறந்தது. யூஜீன் ரூபென்ஸ்-அல்கே என்ற பிரெஞ்சுக்காரர், தாமும் காது கேளாதவர், முன்னின்று நடத்தினார். ஒன்பது நாடுகளிலிருந்து 148 பேர் வந்தனர். பனிக்காலப் போட்டிகள் 1949இல் ஆஸ்திரியாவின் ஸீஃபெல்ட் என்ற மலையூரில் தொடங்கின. 2019 டிசம்பரில் இத்தாலியிலும், 2024 மார்ச்சில் துருக்கியின் எர்சுரும் நகரிலும் அவை நடந்தன.

ஓட்டப் பந்தயம் எப்படித் தொடங்கும்? துப்பாக்கி வெடிப்பதில்லை. ஓடுபவரின் கண்ணெதிரே தரையில் ஒரு விளக்கு இருக்கும். சிவப்பு எரிந்தால் இடத்தில் அமர வேண்டும். மஞ்சள் எரிந்தால் ஆயத்தம். பச்சை எரிந்ததும் பாய்ச்சல். கால்பந்து நடுவர் கொடியை அசைக்கிறார். பார்வையாளர்களும் கைதட்டுவதில்லை. இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, விரல்களை விரித்துப் படபடவென்று அசைக்கிறார்கள். வென்றவர் திரும்பிப் பார்த்தால், காற்றில் இலைகள் ஆடும் தோப்பைப் போல் அரங்கம் தெரியும்.

இங்கே ஒரு வேடிக்கையான உண்மையைக் கவனியுங்கள். ஒலியைக் கேட்டுச் செயல்பட மனிதனுக்கு ஏறத்தாழ 0.15 நொடி ஆகிறது. ஒளியைக் கண்டு செயல்பட ஏறத்தாழ 0.19 நொடி. ஒளி ஒலியைவிடப் பன்மடங்கு விரைவானதாயிற்றே, பின் ஏன் இந்தத் தாமதம்? தாமதம் நம் உடலுக்குள்தான். காதில் ஒலி அதிர்வு நேரடியாக நரம்பைத் தூண்டுகிறது. கண்ணின் விழித்திரையிலோ ஒளி முதலில் இரசாயன மாற்றங்களை உண்டாக்கி, அதன் பிறகே நரம்புக்குச் சேதி போகிறது. ஆயினும் பந்தயத்தில் எல்லோருக்கும் ஒரே விளக்குத்தானே! ஆகவே யாருக்கும் அநீதி இல்லை.

55 டெசிபல் என்றால் என்ன?

இப்போட்டிகளில் கலந்துகொள்ள ஒரு விதி உண்டு. இரு காதுகளில் நன்றாகக் கேட்கும் காதிலேயே 55 டெசிபலாவது செவித்திறன் குறைந்திருக்க வேண்டும். அதாவது, நல்ல காது மட்டுமட்டாகக் கேட்கும் மெல்லொலியைப் போல் சுமார் மூன்று இலட்சம் மடங்கு ஆற்றல் இருந்தால்தான் இவர்களுக்கு அது கேட்கத் தொடங்கும். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு 10 கூடும்போதும் ஆற்றல் பத்து மடங்காகப் பெருகுவதால்தான் இவ்வளவு பெரிய எண் வருகிறது. நாம் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது ஏறத்தாழ 60 டெசிபல். அது இவர்களுக்கு வெறும் முணுமுணுப்பாகவே எட்டும்.

போட்டி நேரத்தில் காது கேட்கும் கருவியைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பதும் விதி. ஒருவர் விலையுயர்ந்த கருவி அணிந்து, மற்றவர் அணியாமல் விளையாடினால் போட்டி சமமாகாது அல்லவா?

காதுக்குள் இரண்டு கருவிகள்

பனிச்சறுக்கு வீரருக்கு இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. அதை அறிய உட்செவிக்குள் செல்ல வேண்டும்.

காது கேட்பதற்கு மட்டும் உள்ள உறுப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் உட்செவியில் இரண்டு கருவிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. நத்தைக் கூடு போலச் சுருண்டிருப்பது கேட்பதற்கு. அதன் அருகே உள்ள மூன்று அரைவட்டக் குழல்களும் அவற்றைச் சேர்ந்த பைகளும் உடலின் சமநிலைக்கு. ஓர் அறையின் மூலையில் இரு சுவர்களும் தரையும் கூடுகின்றன அல்லவா? அதுபோல் மூன்று குழல்களும் மூன்று திசைகளில் அமைந்துள்ளன.

ஒரு சொம்பில் நீர் நிரப்பி, அதில் ஒரு துளசி இலையை மிதக்கவிட்டுச் சொம்பைச் சட்டென்று திருப்புங்கள். சொம்பு திரும்பும், நீரும் இலையும் பின்தங்கும். தலை திரும்பும்போது குழலுக்குள் உள்ள திரவமும் இப்படியே பின்தங்குகிறது. அது அங்குள்ள நுண்மயிர்களை வளைக்க, தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று மூளை அறிகிறது.

இரண்டு கருவிகளும் ஒரே வீட்டில் இருப்பதால் ஒன்றைத் தாக்கும் நோய் சிலரிடம் மற்றதையும் தாக்கிவிடும். அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1882இல் காது கேளாதோர் 519 பேரைச் சுற்றவைத்துச் சோதித்த முடிவுகளை வெளியிட்டார். அவர்களுள் 186 பேருக்குத் தலைசுற்றலே ஏற்படவில்லை! காது கேட்கும் ஏறத்தாழ 200 பேரிடம் சோதித்தபோது தலை சுற்றாதவர் ஒரே ஒருவர்தான். பிற்காலத்தில், 1950களின் இறுதியிலிருந்து, அமெரிக்கக் கடற்படையும் விண்வெளி ஆய்வாளர்களும் காலடெட் கல்லூரியைச் சேர்ந்த காது கேளாத பதினொருவரைத் தங்கள் ஆய்வுகளில் சேர்த்துக்கொண்டனர். கொந்தளிக்கும் கடலில் ஆய்வாளர்கள் குமட்டலால் வாடியபோதும் இவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை.

தலை சுற்றாதது நல்லதுதானே என்பீர்கள். பனிச்சரிவில் அது நல்லதல்ல. சறுக்குபவர் நொடிக்கொரு முறை திரும்புகிறார். எங்கும் ஒரே வெள்ளை. மேகம் கவிந்தால் மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்கும் தெரிவதில்லை. காது கேட்பவருக்குச் சறுக்குக் கட்டை உரசும் ஒலியே, கீழே இருப்பது கெட்டிப் பனியா, பொடிப்பனியா என்று சொல்லிவிடும். காது கேளாதவருக்கு அந்த ஒலியும் இல்லை; சிலருக்குக் குழல்களின் உதவியும் இல்லை.

பின் எப்படிச் சறுக்குகிறார்கள்? சமநிலைக்கு மூளை மூன்று சாட்சிகளைக் கேட்கிறது: உட்செவி, கண், பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு. ஒரு சாட்சி வராவிட்டால் மற்ற இரண்டையும் கூர்ந்து கேட்க மூளை பழகிக்கொள்கிறது. இதை நீங்களே சோதிக்கலாம். பக்கத்தில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள். எளிது. கண்ணை மூடுங்கள், உடல் தள்ளாடும். அடுத்து, தலையணைமேல் அவ்வாறே நின்று பாருங்கள். பாதத்தின் சாட்சியும் குழம்பிவிடுவதால் சில நொடிகள்கூட நிற்க முடியாது. பனிவீரர் இந்தப் பாடத்தைப் பல்லாண்டுகள் பயின்றவர்.

நம் ஊருக்கும் வழி உண்டு

பனியே இல்லாத தமிழ்நாட்டுக்கு இவ்விழாவில் என்ன வேலை என்று கேட்கலாம். மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா, 2022 மே மாதத்தில் பிரேசிலின் கஷியாஸ் தோ சூல் நகரில் நடந்த கோடைக் காலப் போட்டிகளில் இறகுப் பந்தில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். அர்ஜுனா விருதும் பெற்றார். பனிக்கால விழாவிலோ 2019 முதல் சதுரங்கமும் இடம்பெற்றுள்ளது. அதற்குப் பனி வேண்டாம், மலை வேண்டாம், செவியும் வேண்டாம். சதுரங்கம் செழித்த நம் மண்ணுக்கு இது திறந்த வாசல்.

இனி ஒரகடத்துக்குத் திரும்புவோம். காது கேளாத ஒருவர் உலகப் போட்டியில் ஓடுவதற்குத் தேவைப்பட்டது என்ன? ஒரு விளக்கும் ஒரு கொடியும். அவர் தொழிற்சாலையில் வேலை செய்யவும் பெரும்பாலும் அவ்வளவே தேவை. இயந்திரத்தின் மேல் அந்த விளக்கு ஏற்கெனவே எரிகிறது. ஆனால் தீ அபாய மணி? அது ஒலிக்க மட்டும் செய்தால், ஓட வேண்டிய நேரத்தில் அவர் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருப்பார். மணியோடு மினுக்கும் விளக்கு ஒன்று சேர்ந்துவிட்டால் அவர் உயிர் தப்பும். அந்த இரைச்சலில் மணியோசை எட்டாத, காது கேட்கும் தொழிலாளியின் உயிரும் தப்பும்.

அவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காதிலும் ஒலியை உணரும் மயிரணுக்கள் சுமார் 15,000தான். இரைச்சலால் ஒருமுறை அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. 90 டெசிபல் இரைச்சலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பதே நம் தொழிற்சாலை விதிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் எல்லை. ஆகவே காதடைப்பானைச் சட்டைப் பையில் வைத்திருப்பதால் பயனில்லை. காதில் வைக்க வேண்டும்.

நாளை ஷிப்டுக்குப் போனதும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் அபாய மணி மட்டும் இருக்கிறதா, விளக்கும் இருக்கிறதா? இல்லையென்றால், அதைக் கேட்டு வாங்கும் முதல் ஆள் நீங்களாக இருங்கள்.