தலைகளை எண்ணி வரைந்த கோடு

அயர்லாந்தில் குளோனிஸ் என்னும் சிற்றூரிலிருந்து கேவன் நகருக்குப் போகும் சாலை, ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தூரத்துக்குள் நான்கு முறை ஒரு ராஜ்யத்தின் எல்லையைக் கடக்கிறது. சாவடி இல்லை, நிறுத்தி விசாரிப்பார் எவரும் இல்லை. சாலையோரத்தில் மஞ்சளாக ஓடிவந்த கோடு திடீரென்று வெள்ளையாவதையும், வேக வரம்பைச் சொல்லும் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வந்திருப்பதையும் கண்டுதான், அயர்லாந்துக் குடியரசை விட்டு பிரிட்டனுக்கு உட்பட்ட வட அயர்லாந்துக்குள் வந்துவிட்டோம் என்பதைப் பிரயாணி உணர்ந்துகொள்ள வேண்டும். அவர் உணர்ந்து முடிப்பதற்குள் வெள்ளைக் கோடு மறுபடியும் மஞ்சளாகிவிடுகிறது.

சுமார் ஐந்நூறு கிலோமீட்டர் நீளமுள்ள அந்த எல்லையில் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் சாலைகள் குறுக்கே செல்கின்றன. 1921இல் பிறந்த அக்கோட்டை அழித்து அயர்லாந்தை மீண்டும் ஒரே தேசமாக்க வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகத் தீர்மானித்த 2016 முதல் புதிய வேகம் பெற்றிருக்கிறது. வீடுகளிலும் சர்வகலாசாலைகளிலும் டப்ளின் பார்லிமெண்டிலும் இன்று அதைப் பற்றிப் பேசும் பலர், எந்த மதத்தினர் எத்தனை பேர், எந்தக் கட்சிக்கு எத்தனை இடம், வாக்கெடுப்பில் ஐம்பதைத் தாண்ட இன்னும் எத்தனை வேண்டும் என்று கணக்கிலேயே தொடங்கிக் கணக்கிலேயே முடிக்கிறார்கள். அந்தக் கோடு பிறந்ததும் இப்படித் தலைகளை எண்ணித்தான் என்பது நினைவுக்கு வரும்போது, இந்தக் கணக்குப் பேச்சு எனக்கு அச்சத்தையே தருகிறது.

சுயாட்சி கேட்டு அயர்லாந்து நடத்திய கிளர்ச்சி தமிழர்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1916இல் அன்னி பெஸன்ட் அம்மையார் சென்னையிலிருந்து தொடங்கிய ஹோம் ரூல் இயக்கம் தன் பெயரையே அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. ஆனால் டப்ளினில் ஒரு சட்டசபை அமையப்போகிறது என்ற செய்தி தெற்கே கத்தோலிக்கர்களுக்கு எத்தனை மகிழ்ச்சியைத் தந்ததோ, வடகிழக்கே அல்ஸ்டர் மாகாணத்தில் வாழ்ந்த புராட்டஸ்டண்டு மக்களுக்கு அத்தனை கலக்கத்தைத் தந்தது. சுயாட்சி என்பது ரோமாபுரியின் ஆட்சியாகவே முடியும் என்று அவர்கள் நம்பினார்கள். 1912 செப்டம்பர் 28ஆம் தேதி, பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தில் அவர்களின் தலைவர் எட்வர்டு கார்ஸன் முதற் கையொப்பம் இட, ஆடவர் ஒரு பத்திரத்திலும் மகளிர் தனியான மற்றொரு பத்திரத்திலுமாக 4,70,000க்கும் மேற்பட்டோர் சுயாட்சியை எதிர்த்துப் பிரதிக்ஞை செய்துகொண்டார்கள். அவர்கள் யாவரும், எந்த மாவட்டத்தவராயினும், ஒருவரையொருவர் கைவிடுவதில்லை என்று சத்தியம் செய்தவர்கள்.

அந்தச் சத்தியம் எட்டே ஆண்டுகளில் கணிதத்தின் முன் தோற்றது. அல்ஸ்டர் மாகாணத்தில் மாவட்டங்கள் ஒன்பது. 1911ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி அந்த ஒன்பதிலும் சேர்த்துக் கத்தோலிக்கர் நூற்றுக்கு நாற்பத்துநால்வர். ஆகவே புராட்டஸ்டண்டுகளுக்குப் பெரும்பான்மை உண்டு, ஆனால் அது மெலிந்த பெரும்பான்மை, ஒரு தலைமுறையில் கரைந்துபோகக் கூடியது. டானிகால், கேவன், மோனகன் ஆகிய மூன்றையும் விட்டுவிட்டால், எஞ்சிய ஆறு மாவட்டங்களில் கத்தோலிக்கர் மூன்றில் ஒரு பங்குதான். ஆறுக்குக் குறைத்தால் பிரதேசம் சிறுத்துவிடும். ஒன்பதை வைத்துக்கொண்டால் ஆட்சி நிலைக்காது. 1920இல், பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பிய அல்ஸ்டர் யூனியனிஸ்டுகளின் மகாசபை கூடி, ஆறு மாவட்டங்களே போதும் என்று ஒப்புக்கொண்டபோது, அம்மூன்று மாவட்டங்களிலும் அதே பிரதிக்ஞையில் கையொப்பமிட்டிருந்த தங்கள் சொந்தச் சகோதரர்களை அவர்கள் கைவிட்டார்கள். மறுபுறம், ஃபெர்மனா, டிரோன் ஆகிய இரண்டிலும் கத்தோலிக்கரே பெரும்பான்மையினர் என்பது அதே கணக்கில் தெளிவாக இருந்தும், அவை வடக்கோடு சேர்க்கப்பட்டன. கைவிடப்பட்ட கேவன் யூனியனிஸ்டும், விருப்பத்துக்கு மாறாகச் சேர்க்கப்பட்ட டிரோன் கத்தோலிக்கனும் ஒரே அநீதியின் இரு முகங்கள் என்பதை அந்நாளில் இரு தரப்பிலும் உணர்ந்தவர் மிகச் சிலரே.

1921 டிசம்பரில் பிரிட்டனுக்கும் ஐரிஷ் பிரதிநிதிகளுக்கும் இடையே கையெழுத்தான உடன்படிக்கை இந்தக் குறையை நீக்க ஒரு கமிஷனை வாக்களித்தது. எல்லைப்புற மக்களின் விருப்பத்தை அறிந்து, பொருளாதார, பூகோள நிலைமைகளுக்கு இயைந்த அளவில் கோட்டைத் திருத்துவது அதன் வேலை. தென் ஆப்பிரிக்க நீதிபதியான ரிச்சர்டு ஃபீதம் தலைமையில் அது விசாரணை நடத்தி, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று மாற்றங்களை வரைந்தது. தெற்கு ஆர்மாவில் ஒரு பகுதியைத் தெற்குக்கும், கிழக்கு டானிகாலில் ஒரு பகுதியை வடக்குக்கும் தரலாம் என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. தெற்குக்கு நிலம் வருமே தவிரப் போகாது என்று நம்பியிருந்த டப்ளின், 1925 நவம்பரில் லண்டன் பத்திரிகையொன்றில் இச்செய்தி கசிந்தபோது அதிர்ந்தது. அடுத்த மாதமே லண்டன், டப்ளின், பெல்ஃபாஸ்ட் ஆகிய மூன்று அரசாங்கங்களும் கூடி, கோடு இருந்தபடியே இருக்கட்டும் என்று முடிவு செய்தன. பிரிட்டனின் பொதுக்கடனில் தெற்கு ஏற்க வேண்டியிருந்த பங்கு அத்துடன் விலக்கப்பட்டது. கமிஷனின் அறிக்கை பூட்டி வைக்கப்பட்டு, 1969இல்தான் அச்சேறியது. எல்லையோரக் குடியானவர்கள் கமிஷன் முன் வந்து சொன்ன வாக்குமூலங்களும் அதனோடு பூட்டப்பட்டுக் கிடந்தன என்பதை எண்ணும்போது மனம் வேதனைப்படுகிறது.

அந்த வேதனையைக் கண்கூடாகக் காண, நாம் தொடங்கிய குளோனிஸுக்கே திரும்பலாம். மோனகன் மாவட்டத்தின் ஓரத்திலுள்ள அவ்வூர் ஒரு காலத்தில் பெரிய ரயில் சந்திப்பு. பெல்ஃபாஸ்ட், டண்டாக், கேவன், எனிஸ்கில்லன் என்று நாற்றிசையிலிருந்தும் தண்டவாளங்கள் வந்து அங்கே கூடின. சந்தை நாளில் ஃபெர்மனாவிலிருந்து கால்நடைகளோடு வந்தவர்களுக்கு அதுவே கடைத்தெரு, அதுவே வங்கி, அதுவே மருத்துவர் வீடு. 1923 ஏப்ரல் முதல் தேதி சுங்கச் சாவடிகள் எழுந்ததும், ஊரைச் சுற்றியிருந்த வட்டத்தில் பாதி வேறு தேசமாயிற்று. சுங்கம் செலுத்திப் பொருள் கொண்டுபோகச் சில சாலைகளே அனுமதிக்கப்பட்டன. மற்றவற்றில் ஒரு மூட்டை மாவு கொண்டுபோவதும் குற்றம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் தெற்கே தேயிலைக்குத் தட்டுப்பாடு, வடக்கே வெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. எல்லையோரப் பெண்கள் தேயிலையை அந்தப் பக்கமிருந்தும் வெண்ணெயை இந்தப் பக்கமிருந்தும் மேலங்கிக்குள் மறைத்துக் கொண்டுபோனார்கள். 1957இல் வடக்கு அரசாங்கம் தன் பக்கத்துத் தண்டவாளங்களை மூடிவிட, சில ஆண்டுகளில் குளோனிஸில் ரயிலோசையே ஓய்ந்தது. பின்னர் வடக்கே கலவர காலம் வந்தபோது, பிரிட்டிஷ் ராணுவம் சிறு சாலைகளில் வெடிவைத்துப் பள்ளம் தோண்டியும் கான்கிரீட் கட்டைகளை நட்டும் அடைத்தது. கூப்பிடு தூரத்துப் பக்கத்து வீட்டுக்குப் போகப் பல மைல் சுற்ற வேண்டியிருந்த குடும்பங்கள் உண்டு.

வடக்கின் உள்ளேயும் எண்ணிக்கையின் ஆட்சிதான் நடந்தது. டெரி நகரத்தில் கத்தோலிக்கர் தெளிவான பெரும்பான்மையினர். ஆயினும் வட்டங்களைப் பிரித்த சாமர்த்தியத்தால், பெரும்பாலான கத்தோலிக்கர் ஒரே வட்டத்தில் அடைக்கப்பட்டு, இருபது இடங்களுள் பன்னிரண்டு யூனியனிஸ்டுகளுக்கே கிடைக்கும்படி ஏற்பாடாகியிருந்தது. நகரசபைத் தேர்தலில் வரி செலுத்தும் வீட்டுக்காரருக்கே வாக்கு. வீடு ஒதுக்குவது நகரசபை. ஆகவே புதிய வீடு என்றாலே புதிய வாக்கு என்ற பயம். நனைந்த சுவருள்ள ஓரறையில் நான்கு பிள்ளைகளோடு காத்திருந்த தாய்க்கு வீடு மறுக்கப்பட்டதன் காரணம் இதுதான் என்பதை அறிந்த பின்பு, 1968 அக்டோபர் 5ஆம் தேதி டெரியில் ஊர்வலம் வந்தவர்கள் எல்லையை அழிக்கச் சொல்லாமல், ஆளுக்கொரு வாக்கும் குடியிருக்க ஒரு வீடும் கேட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவ்வூர்வலத்தின்மீது விழுந்த தடியடிக்குப் பின் தொடர்ந்த முப்பது ஆண்டுகளில் 3,500க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். 1972 ஜனவரி 30ஆம் தேதி, அதே டெரியில் ராணுவம் சுட்டு அன்றே மாண்டவர் பதின்மூவர். பதினான்காமவர் பின்னர் உயிர் நீத்தார். குடியரசுப் படையென்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்களும், பிரிட்டனுக்கு விசுவாசிகள் என்று சொல்லிக்கொண்டவர்களும் கடைத்தெருவிலும் மதுக்கடையிலும் வைத்த குண்டுகளுக்கு நான் எந்தச் சமாதானமும் தேடப்போவதில்லை.

வெறும் எண்ணிக்கை எத்தனை வீண் என்பதற்கு 1973 மார்ச் 8ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பைப் போல் வேறு சாட்சி வேண்டியதில்லை. பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று அன்று வட அயர்லாந்து மக்களிடம் கேட்கப்பட்டது. ஐக்கிய அயர்லாந்தை விரும்பிய தேசியவாதிகள் அதைப் புறக்கணித்தார்கள். வாக்காளருள் நூற்றுக்கு அறுபது பேர்கூட வரவில்லை. வந்தவர்களுள் 98.9 சதவிகிதம் பிரிட்டனுக்கு. ஐக்கிய அயர்லாந்துக்கு விழுந்தவை ஏழாயிரத்துக்கும் குறைவு. இவ்வளவு பிரம்மாண்டமான வெற்றி ஒருவர் மனத்தையும் மாற்றவில்லை, ஓர் உயிரையும் காக்கவில்லை.

1998 ஏப்ரல் 10ஆம் தேதி, பெரிய வெள்ளிக்கிழமையன்று ஏற்பட்ட ஒப்பந்தம் அதனால்தான் அத்தனை அருமையானது. பிரிந்து கிடப்பது மண் அல்ல, மக்கள் என்பதைப் பல ஆண்டுகளாகச் சலிக்காமல் எடுத்துச் சொல்லிவந்த தேசியவாதத் தலைவர் ஜான் ஹியூமின் சிந்தனை அதில் ஊடுருவி நிற்கிறது. வட அயர்லாந்தில் பிறந்த ஒவ்வொருவரும் தம்மை ஐரிஷ் என்றோ பிரிட்டிஷ் என்றோ, இரண்டும் என்றோ கருதிக்கொள்ளலாம். பெரும்பான்மையோர் சம்மதமின்றி அதன் நிலை மாறாது. பெரும்பான்மையோர் ஐக்கியத்தை விரும்பக்கூடும் என்று தோன்றினால் பிரிட்டிஷ் மந்திரி வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். அதே ஆண்டு மே மாதத்தில் வடக்கே 71 சதவிகிதத்தினரும் தெற்கே 94 சதவிகிதத்தினரும் இதை ஏற்றனர். முழுத் தீவும் தன்னுடையதே என்று அரசியல் சட்டத்தில் எழுதியிருந்த உரிமையைத் தெற்கு தானாகவே விட்டுக்கொடுத்தது. சாவடிகள் மறைந்தன. அடைபட்ட சாலைகளின் பள்ளங்களைத் தூர்க்க ஊரார் மண்வெட்டியோடு அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தார்கள்.

2016 வாக்கெடுப்பில் வடக்கு 55.8 சதவிகிதம் ஐரோப்பிய ஒன்றியத்தோடு இருக்கவே வாக்களித்தது. ஆயினும் பிரிட்டன் முழுவதற்குமான முடிவு அதையும் இழுத்துச் சென்றது. 2021ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில், வடக்கே கத்தோலிக்கராகவோ கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவராகவோ இருப்போர் 45.7 சதவிகிதம், புராட்டஸ்டண்டு முதலிய பிற கிறிஸ்தவர் 43.5. கோடு வரைந்தவர்கள் நிலைத்திருக்கும் என்று நம்பிய பெரும்பான்மை நூறு ஆண்டில் கரைந்தேவிட்டது. 2024 பிப்ரவரியில், ஐக்கியத்தை விரும்பும் கட்சியின் மிஷெல் ஓ'நீல் வட அயர்லாந்தின் முதன் மந்திரியானார். ஆனால் மதம் வேறு, வாக்கு வேறு. தம்மை வட அயர்லாந்துக்காரர் என்று மட்டும் சொல்லிக்கொள்வோர் ஐவரில் ஒருவர். கருத்துக் கணிப்புகளில் வடக்கே இன்னும் பிரிட்டனோடு இருப்போர் பக்கமே அதிகம்.

நூற்றுக்கு ஐம்பதோடு ஒரு வாக்கு கூடினால் போதுமா என்பது இன்று பலர் கேட்கும் கேள்வி. போதும் என்பதே என் துணிபு. பிரிட்டனோடு இருப்பதற்கு அந்த அளவே போதுமானதாக இருந்தபோது, சேர்வதற்கு மட்டும் அளவுகோலை உயர்த்துவது, ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றுவதாகும். நூறாண்டு காத்திருந்தவருக்கு அது பெருந்துரோகம். ஆயினும் அந்த ஒரு வாக்குக்காக உழைப்பவர்கள், தோற்கப்போகிறவரின் வீட்டு வாசலுக்கு முன்கூட்டியே போயாக வேண்டும். போகிறார்களா? தெற்கே நடந்த கணிப்புகளில் பெரும்பாலோர் ஐக்கியத்தை மனமார வரவேற்கிறார்கள். ஆனால் கொடியை மாற்றலாமா, தேசிய கீதத்தை மாற்றலாமா என்று கேட்டால் தயங்குகிறார்கள். வடக்குக்காரர் பணமின்றி மருத்துவரைப் பார்க்கிறார். தெற்கே பலர் கட்டணம் தருகிறார்கள். வடக்கின் செலவை ஈடுகட்ட லண்டன் ஆண்டுதோறும் தரும் பெருந்தொகையை யார் தருவது என்பதில் பொருளாதார நிபுணரிடையே ஒத்த கருத்தில்லை. இவை தீர்க்கக்கூடியவை. தீர்க்கக் கடினமானது ஞாபகம்: 1911இல் தெற்கில் பத்தில் ஒருவராக இருந்த புராட்டஸ்டண்டுகள் காலப்போக்கில் நூற்றுக்கு மூவர், நால்வர் என்று குறைந்துபோனார்கள். ராணுவமும் உத்தியோகஸ்தரும் வெளியேறியது, யுத்தம், அச்சம், கலப்பு மணத்துப் பிள்ளைகளைக் கத்தோலிக்கராகவே வளர்க்க வேண்டுமென்ற திருச்சபை விதி என்று காரணங்கள் பல. விவாகரத்தைத் தடை செய்த சட்டம் 1996 வரை இருந்தது. அந்தப் பழைய அயர்லாந்து இன்று இல்லை என்பது உண்மை. ஆனால் ஃபெர்மனாவின் எல்லையோரப் பண்ணையில் தகப்பனைச் சுட்டுக்கொன்ற இரவை மறவாத யூனியனிஸ்டு மகனிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கப் புள்ளிவிவரம் உதவாது. அவன் பேசி முடிக்கும்வரை அமர்ந்து கேட்கும் பொறுமையே உதவும்.

கார்லிங்ஃபோர்டு கடற்கழியின் தலைப்பில், நியூரி ஆறு கடலை நோக்கி அகலும் நாரோ வாட்டர் என்னும் இடத்தில், 1979 ஆகஸ்ட் 27ஆம் தேதி அடுத்தடுத்து வெடித்த இரண்டு குண்டுகளுக்குப் பதினெட்டு பிரிட்டிஷ் ராணுவத்தினர் பலியானார்கள். அங்கே ஒரு கரை வடக்கு, மறுகரை தெற்கு. தெற்குக் கரையின் ஓமீத் கிராமத்திலிருந்து பார்த்தால் வடக்கின் வாரன்பாயின்ட் துறைமுகத்து விளக்குகள் தெரியும். ஆனால் சாலையில் போக நியூரி நகரைச் சுற்ற வேண்டும். பாலம் வேண்டுமென்று இரு கரையாரும் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவந்தார்கள். 2024இல், பெரும்பகுதி டப்ளின் அரசாங்கத்தின் பணத்தில் வேலை தொடங்கியது. பாய்மரக் கப்பல்கள் வந்தால் வழிவிடத் திறந்து, அவை போனபின் மறுபடியும் சேர்ந்துகொள்ளும் வகையில் அந்தப் பாலம் திட்டமிடப்பட்டிருக்கிறது.