உங்களுக்குத் தெரியுமா? ஆடிக்காற்று உருட்டிய கோல்ஃப் பந்து

பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து ஆடி மாதத்தில் திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் அலைக்கழிக்கும் மேல்காற்று, குழியைச் சுற்றிப் புல் ஒட்ட வெட்டப்பட்ட 'புட்டிங் கிரீன்' என்னும் பரப்பில் நின்றுவிட்ட கோல்ஃப் பந்தை உருட்டினால், அடுத்த அடி எங்கிருந்து என்பதற்கு விதிநூல் இரண்டு விடைகளைத் தருகிறது. நின்ற பந்து கையில் எடுக்கப்படாததாயின், காற்று கொண்டுசேர்த்த புதிய இடமே அதன் இடமாகும். குழிக்குள்ளேயே விழுந்தாலும் அது செல்லும். ஆனால் துடைப்பதற்காக எடுத்து, இருந்த புள்ளியிலேயே திரும்ப வைக்கப்பட்ட பந்தைக் காற்று நகர்த்தினால், 2019-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அது பழைய புள்ளிக்கே மீள வேண்டும். எடுக்குமுன் பந்து இருக்கும் புள்ளியைக் காசு போன்ற சிறு பொருளால் அடையாளமிடுவது கட்டாயம். தவறினால் அடிக்கணக்கில் ஒன்று கூடும். இந்த எடுத்துவைக்கும் சலுகை இன்று இயல்பாகத் தோன்றினாலும், இருவர் நேருக்குநேர் மோதும் ஆட்டத்தில், எதிராளியின் பந்து வழிமறித்து நின்றாலும், இரு பந்துகளுக்கும் இடைவெளி ஆறு அங்குலத்துக்குள் இருந்தாலன்றி அதை அகற்றச் சொல்ல இயலாது என்ற, சற்றே ஈரமற்ற விதிதான் நெடுங்காலம் நிலவியது. 1895-இல் கொடைக்கானல் கோல்ஃப் கிளப் தொடங்கிய காலத்திலும் நடப்பில் இருந்த 'ஸ்டைமி' எனப்படும் அம்மறிப்பு, 1952-இல்தான் விதிநூலிலிருந்து நீக்கப்பட்டது.